லிண்டி ஹாப்பில் ஸ்டைல்: கையை விடுங்கள், முட்டியைப் பாருங்கள்

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பிறகு வந்து படிப்பவர்களுக்கும் புரியட்டும். ஸ்விங் என்ற ஜாஸ் இசைக்கு ஜோடியாக ஆடும் லிண்டி ஹாப் நடனத்தை எட்டு மாதமாகக் கற்கிறீர்கள். நீங்கள் லீட், அதாவது ஆட்டத்தை நடத்துபவர்; உங்கள் மனைவி ஃபாலோ, அதாவது அதைக் கேட்டு ஆடுபவர். ஸ்டெப் எல்லாம் தப்பில்லாமல் வருகிறது. ஆனால் வீடியோ எடுத்துப் பார்த்தால் இருவரும் பாடம் ஒப்பிப்பது போல இருக்கிறது. 1930, 40களின் பழைய படங்களில் ஆடுகிறவர்களிடம் இருக்கும் அந்தத் தோரணை எப்படி வரும், கைக்கும் இடுப்புக்கும் தனிப் பயிற்சி உண்டா, லீட்டின் ஸ்டைலும் ஃபாலோவின் ஸ்டைலும் வேறுவேறா, காற்றில் தூக்கிப் போடும் ஏர் ஸ்டெப்பை எப்போது ஆரம்பிக்கலாம். இவ்வளவுதானே?

கைக்குத் தனிப் பயிற்சி வேண்டாம். நான் பதினைந்து வருடமாக ஆடுகிறேன். அதில் முதல் மூன்று வருடம் இந்தக் கைப் பைத்தியத்தில்தான் போயிற்று. பழைய படத்தில் ஒருவர் இடது கையை விரித்துப் பின்னால் நீட்டியிருப்பார், உடனே நானும் கண்ணாடி முன் நின்று நீட்டிப் பழகுவேன். ஆடும்போது அந்தக் கை மட்டும் தனியாகத் தெரியும், குழைந்த சோற்றின் மேல் வேகாத பருப்பைக் கொட்டியது போல. படத்தில் இருந்தவர் கையை நீட்டவே இல்லை. அவர் உடம்பு ஒரு பக்கம் எடையை வீசியது, கை போக வேண்டிய இடத்துக்குப் போயிற்று. அது எனக்குப் புரியத்தான் மூன்று வருடம்.

ஆகவே முட்டியிலிருந்து தொடங்குவோம்.

லிண்டி ஹாப்பில் இசையின் ஒவ்வொரு தட்டுக்கும், அதாவது பீட்டுக்கும், முட்டி தளர்ந்து உடம்பு ஒரு துளி கீழே இறங்கும். பல்ஸ் என்பார்கள், சிலர் பவுன்ஸ் என்பார்கள். பெயரில் ‘ஹாப்’ இருப்பதால் புதிதாக வருபவர்கள் மேலே குதிக்கிறார்கள். மேலே போவது இங்கே வேலையில்லாத வேலை; தட்டு விழும் நொடியில் நீங்கள் தரைக்குள் இறங்க வேண்டும், மேலே வருவது தானாக நடக்கும். குண்டும் குழியுமான ரோட்டில் போகும் டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நிற்கும் கண்டக்டரைக் கவனித்திருப்பீர்கள். தலை அசையாது, முட்டி மட்டும் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும். அந்த முட்டிதான் வேண்டும்.

அடுத்து ட்ரிபிள் ஸ்டெப், இரண்டு தட்டுக்குள் மூன்று அடி வைப்பது. உங்கள் வீடியோ ஒப்பிப்பது போல இருக்கிறதென்றால், பார்க்காமலே சொல்வேன், உங்கள் ட்ரிபிள் மூன்றும் ஒரே நீளத்தில் விழுகின்றன. ஸ்விங் இசையின் கணக்கு நமக்கு அந்நியமே இல்லை, மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ர நடைதான். ‘தகிட தகிட’ என்று சொல்லுங்கள். இப்போது நடுவில் உள்ள ‘கி’யை விழுங்கிவிட்டு, அதன் இடத்தை மட்டும் காலியாக விட்டு, ‘த-ட, த-ட’ என்று சொல்லுங்கள். டிரம்மரின் சிம்பல் தட்டுவது இதைத்தான். ‘மூன்று அண்ட் நான்கு’ என்று டீச்சர் எண்ணும்போது, மூன்று முதல் ‘த’வில், ‘அண்ட்’ அந்த ‘ட’வில், நான்கு அடுத்த ‘த’வில் விழ வேண்டும். முதல் அடி நீளம், இரண்டாவது அடி தொட்டும் தொடாமல், மூன்றாவதில் உட்கார வேண்டும். வேகம் கூடக்கூட இந்த ஏற்றத்தாழ்வு குறையும். மிக வேகமான பாட்டில் ‘கி’க்கு இடம் ரொம்பவே சுருங்கிவிடும். ஆனால் நீங்கள் பழகும் வேகத்தில் அது இருந்தே ஆக வேண்டும்.

ஒன்று சொல்ல வேண்டும். நம் டப்பாங்குத்தும் இந்த மூன்றின் கணக்கில்தான் ஓடுகிறது. ஊர்வலத்தில் மேளத்துக்கு முன்னால் ஆடிய கால் என்றால் பாதி வேலை முடிந்தது. மாறாக, பரதம் படித்துவிட்டு வருகிறவர்கள் இங்கே கொஞ்சம் திணறுவார்கள். அரைமண்டியில் உட்கார்ந்தால் உயரம் மாறக் கூடாது என்று வருடக்கணக்கில் திட்டு வாங்கிய உடம்பு, இங்கே தட்டுக்குத் தட்டு இறங்கி ஏறு என்றால் கேட்காது. அவர்கள் முதல் மாதம் வெறும் நடை நடந்தாலே போதும்.

இப்போது அந்தப் பழைய தோரணை. நீங்கள் பார்க்கும் படங்களின் வேர் நியூயார்க்கின் ஹார்லெமில், லெனாக்ஸ் அவென்யூவில் 140ஆம் தெருவுக்கும் 141ஆம் தெருவுக்கும் நடுவில் இருந்த சவாய் பால்ரூம். 1926 மார்ச் 12இல் திறந்தது, 1958இல் மூடினார்கள். ஒரு தெரு முழு நீளத்துக்குத் தரை, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேடை, ஒரு பேண்ட் முடிக்கும்போது இன்னொன்று தொடங்கும். கறுப்பின மக்களின் அரங்கம், ஆனால் வெள்ளையர்களுக்கும் கதவு திறந்திருந்தது. அந்தக் கால அமெரிக்காவில் அது சாதாரண விஷயமில்லை. முதல் தலைமுறையில் பெயர் வாங்கியவர் ஷார்ட்டி ஜார்ஜ் ஸ்னோடன். அவர் ஆடியது பெரும்பாலும் நிமிர்ந்த உடம்போடு. அடுத்து வந்த ஃப்ராங்கி மேனிங் அதை மாற்றினார். 1914இல் பிறந்தவர், இருபது வயதுப் பையன்; ஓட்டப் பந்தயக்காரன் போல இடுப்பில் மடிந்து, உடம்பை முன்னால் சாய்த்து, கால்களைத் தாராளமாக வீசி ஆட ஆரம்பித்தார். இன்று எல்லோரும் ‘சவாய் ஸ்டைல்’ என்று சொல்லும் உருவம் பெரும்பாலும் அவருடையது. அதை வெறும் போஸாக எடுத்துக்கொண்டு முதுகைக் கூனிக்கொண்டு ஆடுபவர்களை வாரா வாரம் பார்க்கிறேன். சாய்வு முதுகில் இல்லை. இடுப்பு மூட்டு மடிகிறது, முட்டி மடிகிறது, முதுகுத்தண்டு நீளமாகவே இருக்கிறது. தாழ நின்றால் கால் தூரமாகப் போகும், வேகப் பாட்டில் துணையைச் சுற்றி ஓடிவர நேரம் கிடைக்கும். பார்க்கிறவனுக்கு அழகு, ஆடுகிறவனுக்கு வசதி.

இன்னொரு எச்சரிக்கை. எல்லோரும் போலவே நீங்களும் ‘ஹெல்ஸாபாப்பின்’ படத்தின் நடனக் காட்சியைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்திருப்பீர்கள். 1941இல் வந்த படம், வைட்டீஸ் லிண்டி ஹாப்பர்ஸ் குழு, ஃப்ராங்கியும் நார்மா மில்லரும் அதில் இருக்கிறார்கள். தலைசிறந்த காட்சி, சந்தேகமில்லை. ஆனால் அது தொழில்முறைக் கலைஞர்கள் ஒத்திகை பார்த்து, கேமராவுக்காக, பேய் வேகத்தில் ஆடியது. அதைப் பார்த்து சனிக்கிழமை சோஷியல் டான்ஸுக்கு ஸ்டைல் எடுப்பது, சினிமா சண்டையைப் பார்த்துவிட்டு சந்தைக் கூட்டத்தில் நடப்பது போல. பக்கத்தில் இருப்பவர் மேல் கால் படும். ஃப்ராங்கியே எண்பது வயதுக்கு மேல் ஆடிய வீடியோக்கள் இருக்கின்றன, அவற்றைப் பாருங்கள். உதை இல்லை, குதி இல்லை. முட்டி, தோள், ஒரு சிரிப்பு. ஒரு தட்டு கூட வீணாகப் போகாது. எனக்கு ஸ்டைல் என்றால் என்னவென்று புரிய வைத்தது அந்த வீடியோக்கள்தான்.

சரி, ஜோடியாக ஆடும் இடத்துக்கு வருவோம். லிண்டியின் இதயமான ஸ்விங்அவுட்டையே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வி முழுவதற்கும் அந்த எட்டுத் தட்டுக்குள் பதில் இருக்கிறது.

கை பிடித்து எதிரெதிரே நிற்கிறீர்கள், உங்கள் இடது கையில் அவர் வலது கை. ஒன்று: நீங்கள் இடது காலில் பின்னால் போகிறீர்கள், அவர் வலது காலில் முன்னால் வருகிறார். இரண்டில் அவர் இன்னும் ஒரு அடி முன்னால். மூன்று அண்ட் நான்கில் நீங்கள் அவர் பாதையிலிருந்து விலகிச் சுழல்கிறீர்கள், நான்கில் உங்கள் வலது கை அவர் முதுகில் தோள்பட்டை எலும்புக்குக் கீழே போய்ச் சேர்கிறது. ஐந்து, ஆறு: அவர் வெளியே போகிறார். ஏழு அண்ட் எட்டு: இருவரும் அவரவர் இடத்தில் ட்ரிபிள். இதுவரை உங்களுக்குத் தெரியும். இனிமேல்தான் விஷயம்.

ஒன்றாம் தட்டில் அவர் ஏன் முன்னால் வருகிறார்? ‘நான் கையை இழுக்கிறேன்’ என்பது உங்கள் பதிலாக இருந்தால், அங்கேதான் ஸ்டைல் செத்துப்போகிறது. எட்டாம் தட்டில் இருவரும் தத்தம் எடையைப் பின்னால் கொஞ்சம் உட்கார வைக்க வேண்டும், கிணற்றுக் கயிற்றின் இரு முனையையும் இருவர் பிடித்துச் சாய்ந்தது போல. அதிகம் வேண்டாம், கையை விட்டால் இருவரும் அரை அடி பின்னால் போக வேண்டும், விழக் கூடாது. இதை ஸ்ட்ரெட்ச் என்கிறோம். அந்த இழுவிசை இருந்தால், ஒன்றாம் தட்டில் உங்கள் உடம்பு பின்னால் நகர்ந்ததுமே செய்தி அவருக்குப் போய்விடும். கை வெறும் கயிறுதான், இழுப்பது உடம்பு.

கைப்பிடியைப் பற்றி ஒரு கசப்பான அனுபவம். இரண்டாம் வருடம், ஒரு வேகப் பாட்டில், சேர்ந்து பழகும் தோழியின் கையைக் கட்டை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டே சுழற்றினேன். கை சுழல வழியில்லாமல் அவர் மணிக்கட்டு பிசகி, மூன்று வாரம் கட்டுப் போட்டிருந்தார். தப்பு முழுக்க என்னுடையது. அன்றிலிருந்து என் கட்டை விரலுக்கு ஆடுகளத்தில் வேலை கிடையாது. நான்கு விரலை லேசாக மடித்துக் கொக்கி போல வைத்தால் போதும், அவர் விரல்கள் அதில் தொங்கட்டும். உங்கள் மனைவியிடமும் சொல்லுங்கள்: முழங்கை விறைத்த கம்பாகவும் இருக்கக் கூடாது, வேகவைத்த சேமியாவாகவும் இருக்கக் கூடாது. எதிரே உடம்பு நகர்ந்தால் கை கொஞ்சம் நீண்டு, பிறகு உடம்பைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

இப்போது ஃபாலோவின் ஸ்டைல். ஒன்று-இரண்டில் அவர் முன்னால் வரும் அந்த இரண்டு அடி இருக்கிறதே, அதுதான் ஃபாலோவின் சொத்து. ஆரம்ப காலத்தில் ஃபாலோவும் லீட்டைப் போலவே அங்கே பின்னால் ஒரு அடி வைத்துவிட்டு வருவாராம். சவாயில் ட்விஸ்ட்மவுத் ஜார்ஜின் துணையாக ஆடிய ஈடித் மேத்யூஸ்தான் அதை விட்டுவிட்டு, இடுப்பை முறுக்கிக்கொண்டு நேராக முன்னால் நடந்து வந்த முதல் ஆள் என்று ஃப்ராங்கி நினைவுகூர்ந்திருக்கிறார். யோசித்துப் பாருங்கள், இன்று உலகம் முழுக்க ஃபாலோக்கள் பழகும் ஸ்விவல் என்ற இந்த இடுப்பு முறுக்கு, யாரோ ஒரு டீச்சர் சேர்த்த அலங்காரம் இல்லை. ‘நான் பின்னால் போகப் போவதில்லை’ என்று ஒரு பெண் எடுத்த முடிவு.

ஸ்விவலின் சூட்சுமம் பாதத்தில் இல்லை, பாதத்தைத் திருப்பினால் முட்டிதான் வலிக்கும். மார்பு லீட்டைப் பார்த்தபடியே இருக்கட்டும். இடுப்பு மட்டும் ஒரு பக்கம் முழுக்கத் திரும்பி, பிறகு மறுபக்கம் திரும்ப வேண்டும். ஈரத் துணி பிழியும்போது மேல் கை ஒரு பக்கமும் கீழ்க் கை ஒரு பக்கமும் போவது போல. எடை பாதத்தின் முன்பகுதியில், குதிகால் தரையை உரசியும் உரசாமலும். இரண்டு தொடையும் ஒட்டியே நகர வேண்டும், விலகினால் வாத்து நடை. முக்கியமாக, காலை வைத்துவிட்டுத் திரும்பக் கூடாது. திரும்பிக்கொண்டே வந்து, தட்டு விழும்போது வைத்து முடிக்க வேண்டும். சுவரில் இரண்டு உள்ளங்கையையும் ஊன்றிக்கொண்டு, நின்ற இடத்திலேயே தினம் ஒரு பாட்டு பழகச் சொல்லுங்கள். சுவர் தோளைப் பிடித்து நிறுத்தும், இடுப்பு தனியாக வேலை செய்யக் கற்கும். அமெரிக்காவின் மேற்குக் கரையில் டீன் காலின்ஸோடு ஆடிய ஜூவல் மெக்கோவனின் ஸ்விவலைத் தேடிப் பாருங்கள், பாவாடை ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்கும்போதே இடுப்பு மறுபக்கம் திரும்பியிருக்கும். அந்தப் பாவாடையும் சும்மா இல்லை. வட்டமாக வெட்டிய, கொஞ்சம் கனமான துணி, முறுக்கு முடிந்த அரைத் தட்டு கழித்து வந்து சேரும். விண்டேஜ் உடை போடுவது வேஷத்துக்கு மட்டுமில்லை என்பதற்கு இதுவே சாட்சி.

இங்கேதான் லீட்டின் வேலை வருகிறது. உங்கள் மனைவி எவ்வளவு பழகினாலும், நீங்கள் ஒன்றிலேயே அவரை இழுத்து இரண்டுக்குள் கையணைப்பில் கொண்டுவந்து சேர்த்தால் ஸ்விவலுக்கு இடம் ஏது? ஒன்று-இரண்டு அவருடைய நேரம். எடையைக் காட்டிவிட்டுச் சும்மா இருங்கள். அதே மாதிரி ஐந்து-ஆறில் அவரைத் தள்ளாதீர்கள். முதுகில் இருந்த கையை எடுத்து வழியை விட்டாலே போதும், மூன்றிலும் நான்கிலும் சேர்ந்த வேகம் அவரைக் கொண்டுபோகும். லீட்டின் ஸ்டைலில் முக்கால்வாசி இந்தச் சும்மா இருத்தல்தான் என்று நான் நினைக்கிறேன். என்னோடு ஆடும் பலர் இதை ஒப்புக்கொள்வதில்லை, லீட்டுக்கும் காட்ட எவ்வளவோ இருக்கிறது என்பார்கள். இருக்கிறது. ஏழு-எட்டில் ட்ரிபிளுக்குப் பதில் காலைச் சறுக்கி நிறுத்தலாம், ஒன்றில் பின்னடிக்குப் பதில் உதை போடலாம், ஷார்ட்டி ஜார்ஜ், சூஸி க்யூ மாதிரி ஜாஸ் ஸ்டெப்புகளைத் திறந்த பிடியில், அதாவது அணைப்பில்லாமல் கை மட்டும் பிடித்திருக்கும்போது, நுழைக்கலாம். ஆனால் உங்கள் கால் என்ன செய்தாலும் எடை எந்தக் காலில், எந்தத் தட்டில் மாறுகிறது என்பது மாறக் கூடாது. அது மாறினால் துணைக்குத் தப்பான செய்தி போகும். காலில் இஷ்டம் போல விளையாடுங்கள், மார்பெலும்பு சொன்ன பேச்சு மாறக் கூடாது.

ஃபாலோவுக்கும் இதே சட்டம்தான், மறுபக்கத்திலிருந்து. ஏழு-எட்டில் ட்ரிபிளை விட்டுவிட்டு இரண்டு மெதுவான ஸ்விவல் வைக்கலாம், ஆனால் எட்டு முடியும்போது எடை இடது காலில் இருக்க வேண்டும், ஒன்றுக்கு வலது கால் சும்மா இருக்க வேண்டும். நேரம் போதாமல் தவிக்கும் ஃபாலோ கையை இழுத்துப் பிடித்து லீட்டை நிறுத்தலாம். அது தவறே இல்லை. லீட்டுக்கு அதைக் கேட்கும் காது வேண்டும். இன்று ஆணும் பெண்ணும் இரண்டு பாத்திரமும் ஆடுகிறார்கள். நீங்கள் இருவரும் மாதத்தில் ஒரு வகுப்பு இடம் மாறி ஆடுங்கள், நான் எழுதியதில் பாதி தானாகப் புரியும்.

எப்போது ஸ்டைல் காட்டுவது என்பதற்கு இசையில் பதில் உண்டு. பெரும்பாலான ஸ்விங் பாட்டுகள் எட்டுப் பார் (ஒரு பாருக்கு நான்கு தட்டு) கொண்ட பகுதிகளாக வரும். அதாவது 32 தட்டு, உங்கள் கணக்கில் நான்கு எட்டு. ஹார்லெம்காரர்களின் தனி ஆட்டங்களில் அடிக்கடி பார்க்கலாம்: ஒரே அடவு மூன்று எட்டுக்கு, நாலாவது எட்டில் அதை முறிக்கும் பிரேக். அதையே ஜோடியில் செய்யுங்கள். மூன்று ஸ்விங்அவுட் அலங்காரமே இல்லாமல், நாலாவதில் ஏதோ ஒன்று. ஒவ்வொரு எட்டிலும் காட்டினால் எதுவும் தெரியாது, எல்லா வரியிலும் ஆச்சரியக்குறி போட்ட கடிதம் மாதிரி ஆகிவிடும். பழகுவதற்கு பேண்ட் தலைவர் கவுண்ட் பேஸியின் ‘ஷைனி ஸ்டாக்கிங்ஸ்’ நல்ல பாட்டு. வேகம் நிதானம், பகுதிகள் தெளிவாகக் கேட்கும். ஃப்ராங்கிக்கு மிகப் பிடித்த பாட்டும் அதுதான்.

இங்கே சொன்னதெல்லாம் லிண்டி ஹாப்புக்கு. ஸ்விங் இசைக்கே ஆடும் இன்னொரு ஜோடி நடனமான பால்போவா ஆடப் போனால் மூட்டையைக் கட்டி வைத்துவிட்டுப் போங்கள். தெற்குக் கலிஃபோர்னியாவில், கூட்டம் நெரியும் அரங்குகளில் பிறந்தது அது; மார்போடு மார்பு ஒட்டி, கால் தரையை விட்டு எழாமல், நிமிர்ந்த உடம்பு. அங்கே ஸ்டைல் முழுக்கப் பாதத்தில். காலேஜியேட் ஷாக் என்ற மற்றொரு ஸ்விங் நடனம் வேறு உலகம், அங்கே நிஜமாகவே குதிக்கலாம்.

செருப்பு, ஷூ விஷயம் சின்னது, ஆனால் சொல்லாமல் விட்டால் உங்கள் மனைவியின் முட்டி என்னைத் திட்டும். ரப்பர் அடியுள்ள ஸ்போர்ட்ஸ் ஷூ தரையைக் கவ்வும், அதில் ஸ்விவல் வேண்டாம். தோல் அடி வேண்டும். இருக்கிற கான்வாஸ் ஷூவுக்கே செருப்பு தைப்பவரிடம் கொடுத்துச் சொரசொரப்பான தோலை ஒட்டிக்கொள்ளலாம். உங்களுக்கு அவ்வளவு வழுக்கல் தேவையில்லை, கொஞ்சம் பிடிப்பு இருந்தால்தான் எட்டில் உட்கார முடியும்.

கடைசியாக ஏர் ஸ்டெப். அந்தக் கதையே உங்களுக்குப் பதில். ஷார்ட்டி ஜார்ஜ் குள்ளம், அவர் துணை பிக் பீ நல்ல உயரம். ஆட்டம் முடியும்போது பிக் பீ அவரை முதுகில் சுமந்துகொண்டு வெளியே போவார், கூட்டம் சிரிக்கும். அதைப் பார்த்த ஃப்ராங்கிக்கு ஒரு யோசனை: நான் என் துணையை முதுகின் மேல் உருட்டி முன்னால் இறக்கினால் என்ன? துணை ஃப்ரீடா வாஷிங்டன். இருவரும் தரையில் மெத்தையைப் போட்டு, விழுந்து எழுந்து, சரியாக வரும்வரை பழகினார்கள். 1935இல் சவாயில் ஷார்ட்டியின் குழுவோடு போட்டி வந்தபோதுதான் அதை வெளியே எடுத்தார்கள், அதுவும் அவர்களுக்காகவே ஒதுங்கிக் கொடுத்த இடத்தில், தட்டு தவறாமல் ஃப்ரீடா தரையில் வந்து நின்றார். ஆக, மெத்தை, சொல்லிக்கொடுக்க ஆள், பக்கத்தில் பிடிக்க ஒருவர், இருவரின் சம்மதம். இந்த நான்கும் இருந்தால் வகுப்பில் பழகுங்கள். சனிக்கிழமைக் கூட்டத்தின் நடுவில் ஒருபோதும் வேண்டாம். அங்கே உங்கள் மனைவி காலை இரண்டு அங்குலம் தூக்கினாலே பின்னால் நிற்பவரின் கணுக்கால்தான் இருக்கும்.